குட்டி முள்ளும் உப்புக்காற்றும்

"அண்ணே, குட்டி முள் வச்ச வாட்ச் நம்ம தீவுக்கு ஆகாதாமே?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கேட்கிறவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டு வருகிறார்கள். டயலில் ஆறு மணிப் பக்கம் நொடிக்கென்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறதல்லவா, அந்த முள்ளுக்காகத் தனியாக ஒரு துளை போட்டிருக்கிறார்களாம். போர்ட் பிளேரின் உப்புக்காற்று அதன் வழியே மெஷினுக்குள் இறங்கிவிடுமாம். சென்னைக்குப் போய் சில லட்சத்தை எண்ணி வைக்கப்போகிறவர், மனதுக்குப் பிடித்த வாட்சை இந்த வதந்திக்குப் பயந்து ஒதுக்கிவிட்டு வருகிறார்.

டயல் எங்கே இருக்கிறது ஐயா? கண்ணாடிக்கு அடியில். காற்று அதுவரை வந்துவிட்டதென்றால் வாட்ச் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு துளை ஒன்றா இரண்டா என்று எண்ணி என்ன பயன்? நொடி முள் நடுவில் ஓடும் வாட்சில் மட்டும் டயலில் துளை கிடையாதா? மணி முள்ளும் நிமிட முள்ளும் எந்த வழியாக வெளியே வந்தனவாம்?

தண்ணீர் உள்ளே வர வழிகள் மூன்றுதான்: கிரவுன், கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி. என் மேஜைக்கு வந்த துருப்பிடித்த வாட்சுகளில் பெரும்பாலானவற்றில் முதலில் சிவந்திருந்தது கிரவுனின் தண்டு. குட்டி வட்டத்திலிருந்து துரு தொடங்கிய வாட்சை நான் இதுவரை திறந்ததில்லை.

அந்தக் குட்டி முள் அங்கே வந்ததற்குக் காரணம் மிக எளிது. பழைய மெஷின்களில் நான்காம் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். அதன் அச்சைக் கொஞ்சம் நீட்டி முனையில் ஒரு முள்ளைச் செருகினால் நொடி காட்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரங்களில் இதே ஏற்பாடுதான். நொடி முள்ளை நடுவுக்குக் கொண்டு வரத்தான் கூடுதல் சக்கரமோ, மெஷினையே மாற்றி அடுக்கும் வேலையோ தேவைப்பட்டது. ஆக, சிக்கல் அதிகம் நடுமுள்ளில்தான்.

இன்னும் சந்தேகமா? இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களுக்கென்று ஒரு வாட்ச் கேட்டது. ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி., வெர்டெக்ஸ் என 12 கம்பெனிகள் செய்துகொடுத்தன. இன்று சேகரிப்பாளர்கள் 'டர்ட்டி டஜன்' என்று தேடி அலைவது அவற்றைத்தான். கறுப்பு டயல், ஆறு மணியில் குட்டி நொடி முள். பின்மூடியில் பொறித்த மூன்று 'டபிள்யூ' எழுத்துகளில் ஒன்றின் பொருள் 'வாட்டர்ப்ரூஃப்'. சேற்றில் புரளப்போகிறவன் கையில் கட்ட அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த அமைப்பைத்தான்.

இன்றைய உதாரணம் வேண்டுமானால் ஜெர்மனியின் நோமோஸ். அவர்களுடைய சாதாரண டாங்கென்டே 3 அட்மாஸ்பியர் தாங்கும். அஹோய் 20 தாங்கும். இரண்டிலும் ஆறு மணியில் அதே குட்டி முள். வித்தியாசம் கூட்டிலும் கிரவுனிலும் ரப்பர் வாஷரிலும் இருக்கிறது. பனேராய் லூமினோர் மரீனாவில் முள் ஒன்பது மணிப் பக்கம் ஓடும். கடலுக்கென்றே பேர் வாங்கிய வாட்ச் அது.

ஆகவே கடையில் வட்டத்தைப் பார்த்து மிரளாமல் கிரவுனைக் கேளுங்கள்: திருகி மூடுவதா, வெறுமனே அழுத்துவதா? 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் ஹேவ்லாக்கில் முப்பது மீட்டர் ஆழம் முங்கலாம் என்று பொருளல்ல. கை கழுவலாம், மழைத்தூறலில் நடக்கலாம், அதோடு சரி. கடலில் இறங்குகிறவருக்கு 100-க்குக் கீழே எதுவும் வேண்டாம். ரப்பர் வாஷர் காலப்போக்கில் இறுகிப்போகும். வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். இன்னொன்று: குட்டி வட்டம் விளிம்பை விட்டு டயலின் நடுவை ஒட்டிக் கிடந்தால், பெரிய கூட்டுக்குள் சிறிய மெஷினைப் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓடுவதில் குறையில்லை, விலை பேசும்போது நினைவிருக்கட்டும்.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு நேரம் தர மாட்டேன். அந்த வட்டம் ஸ்டாப்வாட்ச் இல்லை, பொத்தானைத் தேடாதீர்கள். சஃபையர் கண்ணாடியில் கீறல் விழுவது அரிது, ஆனால் தரையில் மோதினால் சில்லுச் சில்லாகும். எவர்சில்வர் என்றாலும் உப்பு அரிக்கும். கார்பின்ஸ் கோவ் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அரிசி டப்பாவுக்குள் வாட்சைப் புதைக்கிறவர்கள் அரிசியைச் சோறாக்கிவிட்டு வாட்சை என்னிடம் கொண்டு வாருங்கள்.

'குட்டி முள் துல்லியம் குறைவு' என்பதும் பொய். துல்லியம் மெஷினைப் பொறுத்தது, முள் நிற்கும் இடத்தைப் பொறுத்ததல்ல. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழே நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம் என்று இடம் கொடுக்கிறது. மூன்று நொடி பிந்துகிறதே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது 92.7-ல். உங்கள் வாட்ச் எவ்வளவு விலையானாலும் சூரியனுக்கு 41 நிமிடம் பின்னால்தான் ஓடுகிறது. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 2018-லேயே தில்லி தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள் வடகிழக்குக்கும் நமக்கும் ஒரு மணி நேரம் முந்திய தனி நேரம் வேண்டும் என்று 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இந்த ஊரின் பெயர்கூட ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, நேரம் மாறவில்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் குட்டி முள்ளை நான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.