அகதியின் மனவடுவும் கதை கூறுஞ் சிகிச்சையும்

உடலிற் பட்ட புண் ஆறிவருவதைக் கண்ணாற் காணலாம். உள்ளத்திற் பட்ட புண்ணோ அத்தகையதன்று. போரினால் ஊரும் உறவும் இழந்து, எல்லை கடந்து, முகாமொன்றில் அடைக்கலம் புகுந்த ஒருவர், ஆண்டுகள் பல சென்ற பின்னரும் நள்ளிரவில் அலறி விழிக்கின்றார். கதவு படாரென மூடக் கேட்டால் நிலத்தில் விழுந்து படுக்கின்றார். நடந்ததைப் பற்றி எவரேனும் வினவின் எழுந்து அப்பாற் செல்கின்றார். இந்நிலைக்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலே தனியொரு பெயரிட்டு நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. நம்மவர் அதனை நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் என வழங்குவர். இந்நோய் மாறுமா, மாறுமாயின் எவ்வழியில் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் நினைவின் இயல்பை நோக்குவோம். கல்லூரி விளையாட்டுப் போட்டியொன்றை ஒருவர் நினைவுகூரும்போது, ஆரவாரமும் வெயிலும் நெஞ்சின் படபடப்பும் மட்டுமன்றி, அஃது எந்த ஆண்டு, எந்த மைதானம், பின்பு யாது நிகழ்ந்தது என்பனவும் உடன் வருகின்றன. பேரச்சத்தின்போது இவ்விணைப்பு அறுந்துவிடுகின்றது என்பர் ஆய்வாளர். ஓசையும் மணமும் நடுக்கமும் மிகக் கூர்மையாகப் பதிகின்றன. காலமும் இடமும் அவற்றோடு பிணைவதில்லை. ஆதலின், சிறிது புகைநாற்றம் வீசினும் இறந்தகாலம் நிகழ்காலமாகி விடுகின்றது.

அறுந்ததைப் பிணைக்கும் முயற்சியே கதை கூறுஞ் சிகிச்சை. யேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மாகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேட் என்போர் இதனை வகுத்தனர். இதன் வேர்களுள் ஒன்று சிலி நாட்டிலுள்ளது. அங்கே 1973இல் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின்னர், வதைபட்டோரின் வாக்குமூலங்களை உளவியலாளர் சிலர் எழுதிவந்தனர். கொடுமைக்குச் சான்றாக எழுதியது, சொன்னவருக்கே மருந்தாகவும் அமைந்தது. அவ்வனுபவத்தை 1983இல் அவர்கள் புனைபெயரிலேதான் வெளியிட்டனர்.

செய்முறை எளியது. கயிறொன்று நிலத்தில் நீட்டப்படும். அது பிறப்பு முதல் இன்று வரையுள்ள வாழ்க்கை. இன்பம் நேர்ந்த இடங்களிற் பூக்களும் துன்பம் நேர்ந்த இடங்களிற் கற்களும் வைக்கப்படும். கயிற்றின் எஞ்சிய பகுதி சுருட்டியபடியே கிடக்கும். அஃது இனிவருங் காலம். அடுத்துவரும் அமர்வுகளிற் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லப்படும். கல் வைத்த இடம் வந்ததும் விரைந்து கடந்துசெல்ல விடுவதில்லை. அன்று என்ன கண்டீர், என்ன கேட்டீர், இப்போது உடம்பில் என்ன உணர்கின்றீர் என வினவி, அச்சந் தணியும்வரை அங்கேயே தங்குவர். கேட்டவை எழுதப்பட்டு அடுத்தமுறை வாசித்துக் காட்டப்படும். முடிவில் முழுக் கதையும் எழுத்தில் அவரிடமே கையளிக்கப்படும். பூக்களையும் வைக்கச் சொன்னமையை யான் பெரிதும் மதிக்கின்றேன். அகதி என்ற பெயர் வருமுன்னரும் அவருக்கொரு வாழ்வு இருந்ததன்றோ?

பயன் யாது? உகண்டாவின் இம்வெப்பிக் குடியிருப்பிலே சூடானிய அகதிகள் 43 பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு சாரார் நான்கு அமர்வுகளிற் கதை கூறினர். மற்றொரு சாரார் ஆறுதலான ஆலோசனை பெற்றனர். எஞ்சியோர் நோய் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றனர். ஓராண்டின் பின் நோய் நீங்காதிருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 29. மற்றையவற்றில் முறையே 79, 80. ஆயினும் 2008இல் வெளிவந்த நக்கிவாலே ஆய்வு இவ்வளவு வேற்றுமை காட்டவில்லை. ருவாண்டா, சோமாலிய அகதிகள் 277 பேருள், கதை கூறியோரில் நூற்றுக்கு 70 பேரும், வேறுவகை ஆலோசனை பெற்றோரில் 65 பேரும், சிகிச்சை பெறாதோரில் 37 பேரும் நோய் நீங்கினர். அங்கே சிகிச்சையளித்தோர் வைத்தியரல்லர். சிறிதுகாலப் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். உளமருத்துவர் அரிதாயுள்ள நாடுகளுக்கு மேற்கூறிய எண்களினும் இதுவே பெரிய செய்தி.

நம் நாட்டிற்கும் இவ்வாராய்ச்சி வந்தது. 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து சில வாரங்களுள், வடகிழக்கிலமைந்த தற்காலிக முகாமொன்றில், போரும் கடலும் ஒருங்கே வருத்திய 31 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஆறு அமர்வுகளிற் கதை கூறினர். மறு பிரிவினர் அதேயளவு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். உள்ளூரவரே பயிற்சி பெற்று இவற்றை நடத்தினர். ஆறு மாதங்களின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், மற்றையதில் 71 பேரும் குணமடைந்திருந்தனர். தியானம் நம்முடையதென்று பெருமிதங் கொள்ளுமுன் ஒன்றைக் கருதல் வேண்டும்: சிகிச்சை எதுவும் பெறாத பிரிவு அங்கே இல்லை. எனவே காலம் தானாகவே ஆற்றியது எவ்வளவு என்பதை அவ்வெண்களிலிருந்து பிரித்தறிய முடியாது. அறியும்பொருட்டு, துயருற்ற பிள்ளைகளுட் சிலரை அவ்வாறே விட்டுவைத்தல் தகுமோ என்பது மருத்துவம் பயிலும் நம் மாணவர் விவாதிக்க வேண்டிய வினா.