குழூஉக்குறியும் குற்றப்புனைவும்

நுழையும்முன்

பொருளை உணர்த்தத் தோன்றியது சொல். ஆயினும், பொருளை மறைக்கவே வழங்கும் சொற்களும் உண்டு. அவை கதைகளிலும் திரைப்படங்களிலும் நுழையும்போது அடையும் மாற்றத்தை இப்பாடம் ஆராய்கிறது.

மறைசொல்

ஒரு குழுவினர் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்கும் சொல் குழூஉக்குறி. நன்னூல் இதனைத் தகுதி வழக்கின்பாற்படுத்தும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் சான்றுகள். தொழில் செய்வோர் வழங்கிய இம்முறையைக் குற்றம் புரிவோரும் கைக்கொண்டனர்.

இலக்கியத்தில் களவு

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கோவலனைக் கள்வனல்லன் எனக் கருதித் தயங்குகின்றனர் காவலர். பொய்த்தொழில் பொற்கொல்லனோ கள்வர்க்குரிய எண்வகைத் துணைகளை நயம்பட விரித்துரைக்கிறான். களவைப் பற்றிய சொல்வன்மை, களவே செய்யாதவன் உயிரைப் பறிக்கத் துணைநின்றது.

புனைவு தந்த பொருள்

துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றியவர் அமெரிக்க எழுத்தாளர் டேஷியல் ஹாமெட். 1930இல் நூலாக வெளிவந்த 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலில் 'கன்சல்' என்னும் கொச்சைச் சொல்லை அவர் ஆண்டார். அதன் உண்மைப் பொருள் வேறு. 'கன்' எனில் துப்பாக்கி ஆதலால், வாசகர் 'துப்பாக்கி ஏந்திய அடியாள்' எனக் கொண்டனர். பிற எழுத்தாளரும் அவ்வாறே ஆள, அகராதியும் அப்பொருளை ஏற்றது. குற்றவுலகிலிருந்து புனைவு பெற்ற சொல், புதுப்பொருளுடன் மக்கள் வழக்கிற்கு வந்தது.

நம்மிடையே

1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும். 'மாமூல்' இரு மொழிக்கும் பொதுவான சொல். 'வழக்கமானது' எனப் பொருள்படும் இவ்வரபுச்சொல்லால் கையூட்டையும் மிரட்டிப் பெறும் பணத்தையும் சுட்டும்போது, குற்றமே வழக்கம்போலத் தோன்றுகிறது.

'சம்பவம்' என்பதன் நேர்ப்பொருள் நிகழ்ச்சி. வன்முறையாளர் பேச்சில் அது கொலையைக் குறித்தது. திரைப்படங்கள் அதனைப் பரப்பின. இன்றோ இளையோர் விளையாட்டு வெற்றியையும் 'சம்பவம்' எனப் பாராட்டுகின்றனர். குருதி மறைந்து வியப்பு மட்டும் எஞ்சியுள்ளது. கொல்லப்பட்டவர் இல்லத்தில் அச்சொல்லின் பழம்பொருள் மாறுவதில்லை.

மறைசொல்லின் திரையை விலக்கிக் குற்றத்தின் கொடுமையைக் காட்டுவது நற்புனைவு. அத்திரைக்கே அழகூட்டுவது வெறும் கவர்ச்சி. இவ்வேறுபாட்டை அறிந்து சொல்லை ஆள்வது கற்றோர் கடன்.

தெரியுமா?

தகுதி வழக்கு மூவகைப்படும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்த் தொழிலாளர் வழங்கும் குழூஉக்குறிகளை அவர்தம் இசைவுடன் தொகுக்க.

2. திரைப்படத்தால் பொருள் மாறிய சொல் ஒன்றைத் தேர்ந்து, அதன் முன்னைப் பொருளையும் இன்றைய பொருளையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.