இரு கை எழுதிய கட்டுரை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பற்றி நம்மில் இருவர் ஒரே கட்டுரையைத் தத்தம் வீட்டில் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி பறவைகளைச் சேர்க்கிறாள். மற்றவள் 2022-ல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதைச் சேர்க்கிறாள். பின்னால் வந்த பிரதி முன்னதை அழித்தால் ஒருத்தியின் உழைப்பு வீணாகுமே!

கணினி நிரல் எழுதுவோருக்கும் இதே சங்கடம் உண்டு. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' இதற்கு வழி காட்டுகிறது. அதில் ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதியும் அதன் திருத்த வரலாறும் இருக்கும். இணைக்கும்போது இரு பிரதிகளையும் முந்தைய பொதுப் பிரதியோடு அது ஒப்பிடும். மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் இரண்டையும் ஏற்கும். ஒரே வரியை இருவரும் வெவ்வேறாகத் திருத்தியிருந்தால் தானாகத் தீர்ப்பு வழங்காது. இரண்டையும் காட்டி நின்றுவிடும்.

அப்போது நாமே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பிணக்கைக் காட்டுவது கணினி. இணக்கம் காண்பது நம் கடமை.