இரண்டாம் முறை வந்த தூதன்

இம்மாதப் பாடம்: புற்றுநோய் திரும்பும்போது பெண்களின் உள்ளம்
வேதபகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் நமது மருத்துவமனைக்கு வந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக வேலூரில் சிகிச்சை பெற்றுச் சுகமானவர்கள். சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னவர்கள். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் இடுப்பு வலி வந்தது. வயல் வேலையால் வந்த வலி என்று எண்ணி மூன்று மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். பரிசோதனையில், பழைய நோயே இடுப்பெலும்புக்கு வந்திருப்பது தெரிந்தது.

அவர்கள் அழவில்லை. "சாட்சி சொல்லிட்டேனே சிஸ்டர். இனிமே எந்த முகத்தோட சபைக்குப் போவேன்?" என்று மட்டும் கேட்டார்கள்.

"தைரியமா இருங்கம்மா, விசுவாசத்தை விடாதீங்க" என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டோம். அது போதாது என்பதை அந்தத் தாயாரிடமே பிறகு கற்றுக்கொண்டோம். நாங்கள் கற்றதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

1. நோய் ஏன் திரும்புகிறது?

எந்தப் பரிசோதனையிலும் தென்படாத மிகச் சிறிய நோயணுக்கள் சிகிச்சைக்குப் பின்னும் உடலில் தங்கியிருக்கக்கூடும். அவை பல ஆண்டுகள் கழித்து வளரலாம். ஹார்மோனோடு தொடர்புடைய மார்பகப் புற்றுநோய் 10, 15 ஆண்டுகள் கழித்தும் வருவதுண்டு. அறுவை செய்த இடத்திலோ அக்குளிலோ மட்டும் திரும்பினால், முழுவதும் குணமாக்கும் நோக்கத்தோடே பலருக்குச் சிகிச்சை தரப்படுகிறது. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் முழுச்சுகம் கிடைப்பதில்லை. ஆனாலும் மருந்துகளால் நோயைக் கட்டுப்படுத்தி வாழ முடியும். சிலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். எலும்பு வலியைக் கதிர்வீச்சினால் தணிக்கலாம். ஆகவே "திரும்பி வந்துவிட்டது" என்றால் "இன்றோடு முடிந்தது" என்று பொருள் கொள்ளக்கூடாது.

2. இரண்டாம் முறை ஏன் பாரமாயிருக்கிறது?

முதல் முறை என்ன வரப்போகிறது என்று தெரியாது. இரண்டாம் முறை எல்லாம் தெரியும். வாந்தி, முடி கொட்டுதல், விடியுமுன் பிடிக்கும் பேருந்து, அடகு வைத்த நகை எல்லாம் நினைவுக்கு வரும். முதல் முறை ஓடிவந்த உறவினரும் இப்போது களைத்திருப்பார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்குமே என்ற கவலையில், வலியையே மறைக்கும் தாய்மார்களைப் பார்க்கிறோம்.

இவை எல்லாவற்றிலும் கொடியது குற்றவுணர்வு. நமது தாயாருக்கு அடுத்த படுக்கையில் திருவண்ணாமலையைச் சேர்ந்த ஒரு சகோதரி இருந்தார்கள். முதல் முறை சுகமானபோது, நேர்ந்துகொண்டபடி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்கள். "வேண்டுதல்ல என்ன குறை வெச்ச?" என்று இப்போது ஊரில் கேட்கிறார்களாம். "அக்கா, உங்களையும் அப்படித்தான் கேக்கறாங்களா?" என்று அந்தச் சகோதரி கேட்டபோதுதான் நமது தாயார் முதன்முதலாக அழுதார்கள். இருவர் விசுவாசமும் வேறு. இருவர் நெஞ்சிலும் குத்திய முள் ஒன்றே.

3. மனத்தைரியம் குறைந்ததால் நோய் திரும்புகிறதா?

இதை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மேகி வாட்சன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயுள்ள 578 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். போராடும் மனம் உள்ளவர்கள் அதனாலேயே அதிக நாள் வாழ்ந்ததாகக் காணப்படவில்லை. தீராத மனச்சோர்வு சற்றுப் பாதிப்பு உண்டாக்கலாம் என்று தெரிந்தது. ஆகவே சோர்வுக்கு உதவி தேவை. ஆனால் "நீ தைரியமாயிருந்தால் வந்திருக்காது" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

நோய் பரவிய பெண்கள் கூடி மனம்விட்டுப் பேசும் குழுக்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. அப்படிப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989-ல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல் எழுதியபோது உலகமே வியந்தது. 2001-ல் கனடாவின் பமீலா குட்வின் 235 பெண்களிடம் அதையே சோதித்தார். ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனை குறைந்தது. வலியின் கடுமையும் குறைவாக உணரப்பட்டது. எங்களுக்கு இதுவே போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

4. எலியாவுக்குத் தேவன் செய்தது

கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா, அடுத்து வந்த மிரட்டலுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடினார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்டார். அவருடைய சோர்வு வெற்றிக்குப் பின் வந்தது என்பதைக் கவனியுங்கள். சாட்சி சொன்னபின் வந்த நோயும் அப்படிப்பட்டதே.

தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "கர்மேலை மறந்தாயா?" என்று கேட்கவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து, தட்டியெழுப்பி, இன்னும் போகவேண்டிய வழி நெடியது என்பதால் புசிக்கச் சொன்னான். துயரம் இரண்டாம் முறை வரும்போது உதவியும் இரண்டாம் முறை வரவேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் சாரம்.

5. நாம் செய்யக்கூடியவை

அழவும் கோபப்படவும் இடங்கொடுங்கள். தேவன்மேல் கோபப்பட்டாலும் வாதாடாதிருங்கள். சங்கீதக்காரரும் முறையிட்டார்கள்.

அவர்களிடம் மறைத்து, கணவரிடமும் மகனிடமும் மட்டும் பேசாதிருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி சொல்லாதிருங்கள். 1967-ல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய விசுவாசி சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், ஆத்துமா ஆகிய நான்கிலும் வலி உண்டென்று போதித்தார். ஒன்றைத் தணிக்க மற்றவற்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் அளவில் தரப்படும் மார்பின் மருந்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிக்கும் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. அதை அறியாத குடும்பங்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, சாகவேண்டும் என்ற பேச்சு இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று தள்ளாமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு.

சுகமாவேன் என்ற நம்பிக்கை தளரும்போது வேறு சிறிய நம்பிக்கைகளுக்கு இடமுண்டு. நமது தாயார் கதிர்வீச்சுக்குப் பின் வலி தணிந்து, பேத்தியின் பள்ளிக்கூட விழாவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இப்போது ஆறு பெண்கள் மாதம் ஒருமுறை நமது மருத்துவமனையில் கூடுகிறார்கள். பௌர்ணமியன்று பேருந்தில் இடம் கிடைக்காது என்பதால் அதற்கு அடுத்த வாரத்தை அவர்களே தெரிந்துகொண்டார்கள். நமது தாயாரும் கிரிவலம் சென்ற சகோதரியும் அருகருகே உட்காருகிறார்கள். பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்படுகின்றன. வனாந்தரத்தில் எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும் இவையே என்று எண்ணி உங்களுக்கு நன்றி செலுத்துகிறோம்.

சிந்திக்க: சுகமானவர்களின் சாட்சியைக் கேட்கும் நம் சபையில், நோய் திரும்பியவர் எழுந்து பேசவும் இடம் உண்டா?

ஜெபிக்க: அந்த ஆறு பேருக்காகவும், அவர்களைக் கவனித்துக் களைத்திருக்கும் குடும்பத்தாருக்காகவும், பேசுமுன் கேட்கும் செவியை எங்களுக்குத் தரும்படியாகவும் ஜெபியுங்கள்.

நமது தாயார் சென்ற மாதம் தம் சபைக்குப் போனார்கள். பாய்வரிசையில் கடைசியில் உட்கார்ந்தார்களாம். போதகரின் மனைவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்களாம். ஒன்றும் பேசவில்லையாம். "அது போதும் சிஸ்டர்" என்று எங்களிடம் சொன்னார்கள்.