அயல்நாட்டு மாணவ வாழ்வும் உண்ணும் மேசையும்

எமது கல்லூரியிற் கற்றுத் தேறி, மேற்படிப்பின் பொருட்டுப் பிறநாடு செல்லும் மாணவர்க்குப் பிரியாவிடைக் கூட்டம் நடாத்துதல் நெடுநாள் வழக்கு. அக்கூட்டங்களில் நாமும் பன்முறை பேசியுள்ளோம். "வீண் கூட்டுறவு வேண்டா, அறையும் நூல்நிலையமுமே உமக்கு உலகமாகுக, சென்ற கருமத்தை முடித்து மீள்க" என்பதே நாம் வழமையாகக் கூறிவந்த புத்திமதி. கடல் கடந்து கல்லாதவர் கடல் கடப்பார்க்கு அறிவுரை கூறுதல் மிக எளிது. அவ்வறிவுரை பிழையென்பதை நாம் உணர நேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள எமக்குத் துணையாயிருந்த இருவரது மாணவ வாழ்வை முதலில் நோக்குவோம்.

காந்தியடிகள் 1888 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 4 ஆம் திகதி பம்பாயிற் கப்பலேறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. புலால், மது, மாதர் என்னும் மூன்றையும் தீண்டேன் என அன்னையாருக்கு உறுதி கூறியே புறப்பட்டார். ஆங்கிலம் பேசக் கூசி, கப்பலின் பொது உணவறைக்குச் செல்லாது, கொண்டுசென்ற இனிப்பையும் பழத்தையும் தம் அறையிலிருந்தே உண்டார். கரையிறங்கும் நாளுக்கென்று பேணி வைத்த வெள்ளை உடையை அணிந்து இறங்கிய பின்னரே, அக்குளிர்காலத் தொடக்கத்தில் அவ்வாறு உடுத்தவர் தாம் ஒருவரே எனக் கண்டு நாணினார்.

அன்று மாலை அவரைக் காண வந்த பிராண்ஜீவன் மேத்தா என்னும் வைத்தியரின் பட்டுத்தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்ப்புறமாகத் தடவிவிட்டார் இளைஞர். மேத்தா அதனையே முதற் பாடமாக்கினார். பிறர் பொருளைத் தொடாதே; கண்டவுடன் ஊர் பெயர் குலம் எல்லாம் விசாரியாதே; உரத்துப் பேசாதே; எல்லோரையும் 'சேர்' என்று அழையாதே. இந்நான்கில் மூன்றை நம் ஊரில் நாம் அன்பின் அடையாளமாகவே கொள்கின்றோம் என்பதை வாசகர் கவனிப்பாராக.

பின்னர் வந்த நாட்கள் துன்பமானவை. இரவில் வீட்டு நினைவு வந்து கண்ணீர் விட்டதாக அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். விடுதியில் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேற் கேட்க வெட்கி, அரைவயிற்றோடு எழுந்தார். சில காலம் ஆங்கிலக் கனவானாக முயன்று, நடன வகுப்பு, வயலின், பேச்சுப் பயிற்சி, பொண்ட் வீதியில் பத்துப் பவுணுக்குத் தைத்த மாலையுடை என்று பணத்தை இறைத்ததும் உண்டு. அது மூன்று மாதத்தில் ஒழிந்தது. அதனை நாம் நீட்ட வேண்டியதில்லை.

நீட்ட வேண்டியது அவரது உணவுத் தேட்டமே. மரக்கறி உணவுச்சாலை நகரில் உண்டென்று வீட்டுக்காரி சொல்லக் கேட்டு, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, முடிவில் பாரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதலுணவு அதுவே. உணவுச்சாலையின் வாயிற் கண்ணாடிக்குள் ஹென்றி சால்ட் என்பார் மரக்கறியுணவை ஆதரித்து எழுதிய நூலொன்று விலைக்கு இருந்தது. ஒரு சிலிங் கொடுத்து அதனையும் வாங்கினார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்காக மாத்திரம் இருந்த விரதம், அந்நூலைப் படித்தபின் தம் கொள்கையாயிற்று. அக்கொள்கையுடைய ஆங்கிலேயர் பலர் நண்பராயினர். இலண்டன் மரக்கறியுணவுச் சங்கத்தின் நிருவாக சபையில் இடம்பெற்றார். பேய்ஸ்வாட்டரில் ஒரு சிறு கழகம் தொடங்கி, ஓல்ட்பீல்டைத் தலைவராகவும் சேர் எட்வின் ஆர்னோல்டை உபதலைவராகவும் கொண்டு, தாம் காரியதரிசியாயினார். கூட்டத்தில் எழுந்து பேசவும் நடுங்கிய இளைஞர் இவர் என்பதை மறத்தலாகாது. இலண்டன் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் இலத்தீன் மொழியில் ஒருமுறை தவறி மறுமுறை தேறியதும், 1891 யூன் 10 இல் பாரிஸ்டரானதும் இக்காலத்திலேயே.

மற்றவர் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன். 1914 மார்ச்சு 17 இல் சென்னையிற் கப்பலேறி, ஏப்பிரிலில் இங்கிலாந்து அடைந்தார். கேம்பிறிட்ஜில் முதலிற் சில வாரம் நெவில் என்பாரின் இல்லத்தில் தங்கி, பின் திறினிற்றிக் கல்லூரி அறைக்கு மாறினார். ஓகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. அவரும் மரக்கறி உண்பவரே. கல்லூரிச் சமையலில் நம்பிக்கையின்றி, பொது மண்டபத்தில் உண்ணாது, அறையிலேயே தாமே சமைத்தார்.

அங்கு மாணவராயிருந்த மகாலனோபிஸ் கூறியுள்ள செய்தியொன்று எம் மனத்தை விட்டு அகலுவதில்லை. குளிருக்கு என் செய்கின்றீர் என அவர் வினாவ, மேலங்கியும் சால்வையும் போர்த்தே உறங்குவதாக இராமானுஜன் சொன்னார். கட்டிலைப் பார்த்தபோது கம்பளிகள் போதியன இருந்தன. அவற்றின் ஓரங்கள் மெத்தைக்குக் கீழே செருகப்பட்டிருந்தமையால், அவற்றை விலக்கி உள்ளே புகுதல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மேல் விரிப்பின் கீழேயே படுத்து வந்தார். மகாலனோபிஸ் செய்து காட்டினார். எண்களின் அந்தரங்கத்தை அறிந்த ஒருவர் கம்பளியைப் பற்றிக் கேட்க ஒருவருமின்றி நடுங்கினார். பாடத்தில் ஐயம் வந்தால் ஹார்டி இருந்தார். படுக்கையில் வந்த ஐயத்தை எவரிடம் கேட்பது?

அதே மகாலனோபிஸ் ஒருநாள் அவர் அறையில் உணவுக்கு அழைக்கப்பட்டிருந்தார். இராமானுஜன் அடுப்பிற் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, ஸ்ட்றாண்ட் சஞ்சிகையில் 1914 திசெம்பரில் வந்த வீட்டிலக்கப் புதிரொன்றை இவர் படித்துக் காட்டினார். கிளறிய கரண்டியை நிறுத்தாமலே அப்புதிருக்கும் அதனையொத்த எல்லாவற்றுக்குமான விடையை அவர் தொடர்பின்னமாகச் சொன்னாராம். அவ்வறையில் மகிழ்ச்சியும் இருந்தது. ஆயின் அது விருந்தினர் வந்த நாட்களிலே இருந்தது. வேறொரு நாள், தாம் சமைத்த இரசத்தை மூன்றாம் முறை பரிமாறப் போக, விருந்தினராய் வந்த பெண்கள் போதுமென்றனர். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. சில நாட்களின் பின் ஒக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பும்படி செய்தி வந்தது. உணவு மறுக்கப்பட்டமை அவரை அவ்வளவு சுட்டது.

1917 இல் அவர் நோயுற்றார். 1918 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரும் திறினிற்றியின் உறுப்பினரும் ஆனார். 1919 இல் திரும்பி, 1920 ஏப்பிரில் 26 இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இதற்கு அவரது தனிமையே காரணமென்று நாம் சொல்லத் துணியோம். யுத்தகாலத்து உணவுத் தட்டுப்பாடு இருந்தது, நோய் இருந்தது. நாம் நோக்குவது ஒன்றே: இருவருக்கும் விரதம் ஒன்று. ஒருவர்க்கு அது பிறரோடு சேரும் வாயிலாயிற்று, மற்றவர்க்கு அறைக்கதவாயிற்று.

இனி எமது பிழைக்கு வருவோம். சில ஆண்டுகளின் முன் எமது மாணவன் ஒருவன், கெட்டிக்காரன், பெயர் வேண்டா, இங்கிலாந்து சென்று இரண்டாம் ஆண்டில் பட்டமின்றித் திரும்பினான். ஊரார் பலவாறு பேசினர். நாம் அவன் வீட்டுக்குச் சென்றபோது, மெலிந்திருந்தவன் எழுந்து நின்று, "சேர், நீங்கள் சொன்னபடிதான் இருந்தேன். ஒருவரோடும் சேரவில்லை" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, ஒப்புவிக்கும் பாடமாகவே சொன்னான். ஒரே சமையலறையைப் பயன்படுத்திய அறுவரின் பெயரும் தனக்குத் தெரியாதென்றும், அவர்கள் உண்டு போனபின் பத்து மணிக்குச் சமைப்பதென்றும், பின்னர் அதுவும் விட்டுப் பாணோடு நிறுத்தியதென்றும் சொன்னான். நாம் தேநீரைக் குடிக்கமுடியாமல் வைத்துவிட்டு வந்தோம்.

இக்காலத்தில் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாமே, தனிமை ஏது என்பர் பெற்றோர். அம்மாணவன் இரவுதோறும் தாயோடு பேசினவனே. உடலை அங்கு வைத்து, உண்ணும் நேரமெல்லாம் யாழ்ப்பாணத்து முற்றத்தில் இருந்தால், பக்கத்து அறையான் பெயர் எப்படித் தெரியவரும்? பேசவேண்டாவென்று சொல்லவில்லை, உண்ணும் நேரத்தை விடுத்துப் பேசலாம்.

சென்ற மாதம் மற்றொரு மாணவனின் அன்னையார், மிளகாய் மல்லி வறுத்து இடித்த கறித்தூளோடு எம்மிடம் வந்து, "மாஸ்ரர், பிள்ளைக்கு ஒரு கிலோ போதுமோ?" என்று கேட்டார். இரண்டு கிலோ கொடுத்துவிடும்படியும், ஒன்று மகனுக்கு, மற்றது மகனோடு உண்ண வருவோர்க்கு என்றும் கூறினோம். விமானத்தில் நிறைக் கணக்கு உண்டே என்று அவர் தயங்கினார். பெட்டியைத் திறந்து, நாம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த இலக்கண நூலை வெளியே எடுத்து வைத்தோம்.