கூச்சக்கார ஆணைக் கூட்டத்தில் சேர்ப்பது எப்படி?
கினிப்பன்றி வளர்ப்போருக்கு ஒரு பாடம்



பாடப்புத்தகத்தில் கினிப்பன்றி என்றும் கடைகளில் ‘கினி பிக்’ என்றும் சொல்கிற பிராணியைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். இயற்கை வேளாண்மைக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். மறைமலைநகரைச் சுற்றி, வீட்டு மனைகளுக்கு நடுவில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காய்கறி போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு மாடு கட்ட இடமில்லை. பாத்தியில் பிடுங்குகிற அருகம்புல்லையும் கழித்துப்போட்ட கீரைத்தண்டையும் தின்று புழுக்கையாகத் தருகிற ஒரு சின்னப் பிராணி இருந்தால் மக்கு எருக்குழிக்கு உதவி. பெரு, பொலிவியா, ஈக்குவடார் மலைக்கிராமங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாக அடுப்படியிலேயே இதை வளர்க்கிறார்கள். கறி வீட்டுக்கு, புழுக்கை வயலுக்கு. அங்கே இதன் பெயர் ‘குய்’. நம்ம பக்கம் இது சோதனைச்சாலைக்கும் பிள்ளைகளின் ஆசைக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்ததும் யாராவது ஒருவர் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

என்னிடம் மூன்று பெட்டைகள் இருந்தன. மூன்றுக்கும் ஒரு வயதுக்கு மேல், ஒன்றும் குட்டி போட்டதில்லை. அடுக்குமாடி வீட்டிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் தாங்கள் வளர்த்த ஆணை என்னிடம் விட்டுப் போனது. குட்டியாக வாங்கிய நாளிலிருந்து தனிக்கூண்டில் இருந்தது அது. ஆள் வந்தால் அட்டைப்பெட்டிக்குள் ஒளியும். தட்டில் போட்ட புல்லை விளக்கு அணைந்த பிறகுதான் தின்னும். கருப்பன் என்று பெயர் வைத்தோம்.

அப்படியே பெட்டைகளோடு விட முடியாது. கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டி. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினை பிடிக்கும். ஆண் குட்டியை 3 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், இல்லையென்றால் தாயையே சினையாக்கும். ஒரு ஜோடி ஒரு வருடத்தில் கூண்டை நிறைத்துவிடும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெட்டைக்கு 7 மாதத்துக்குள் முதல் ஈற்று ஆகவில்லை என்றால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிப்போகும். அதற்கப்புறம் சினையானால் குட்டி வெளியே வர வழி கிடைக்காமல் தாயும் குட்டியும் சேர்ந்து சாக நேரும். என் மூன்று பெட்டைகளும் அந்த வயதைத் தாண்டியவை. காயடிக்காத ஆணை உள்ளே விட்டால் மூன்று உயிருக்கும் ஆபத்து.

காயடிக்கிற முறையிலும் வித்தியாசம் உண்டு. ஆட்டுக் கிடாய்க்கு இடுக்கி போடுகிறோமே, அது இதுக்கு ஆகாது. கினிப்பன்றிக்கு விதை வயிற்றுக்குள் ஏறி இறங்கும், அந்த வழி திறந்தே இருக்கும். மருத்துவர்தான் மயக்கம் கொடுத்து அறுவை செய்து அந்த வழியையும் மூட வேண்டும். சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நாய்க்குச் செய்வதுபோல முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடாதீர்கள். இதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, மாட்டுக்கு வாங்கி வைத்த பென்சிலின் வகை மருந்து மிச்சம் இருக்கிறதே என்று இதுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரை அழித்து ஆளையே கொன்றுவிடும்.

காயடித்த மறுநாளே சேர்த்துவிடலாமா? கூடாது. குழாயில் மிச்சமிருக்கிற விந்து சில வாரம் வரை வேலை செய்யும். 6 வாரம் பொறுத்தேன். அந்த 6 வாரமும் வீணில்லை. முதல் 3 வாரம் கருப்பனைத் தள்ளியே வைத்து, சொறிப்பூச்சி, படர்தாமரை, மூக்கொழுகல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்த 3 வாரம் பெட்டைகளின் கூண்டுக்குப் பக்கத்திலேயே, நடுவில் விரல் நுழையாத கம்பி வலை மட்டும் வைத்து விட்டேன். வலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புல் போடுவேன். ஒன்றின் வாசனை மற்றதுக்குப் பழகும், ஒன்று தின்பதைப் பார்த்து மற்றதும் தின்னும். பகலில் கருப்பன் வெளியே வந்து தின்றதை நான் முதலில் பார்த்தது அந்த வலை ஓரத்தில்தான்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ஏம்பா, காயடிச்சப்புறம் அதுக்கு எதுக்குப் பொட்ட?” என்று சிரித்தார். “பெரியப்பா, ஏர் மாட்டையுந்தான் காயடிக்கிறோம். அதுக்காகத் தனியாவா கட்டிப் போடுறோம்? ஜோடி இல்லாம அது நுகத்தடிக்கு வருமா?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்து போட்டார்.

கினிப்பன்றி கூட்டமாக வாழப் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் அதைத் தனியாக வைக்கக்கூடாது என்றே சொல்கின்றன. ஜெர்மனியில் நோர்பெர்ட் சாக்சர் என்ற விலங்கியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பெரிய ஆண்களும் பெட்டைகளும் கலந்த கூட்டத்தில் வளர்ந்த ஆண், புதுக் கூட்டத்தில் விடப்பட்டால் முதலில் அடங்கி ஒதுங்கும், பிறகு மெல்ல இடம் பிடித்துக்கொள்ளும். தனியாக வளர்ந்ததுக்கு அந்த நடைமுறை தெரியாது. அன்னிய ஆணைப் பார்த்தால் சண்டைக்குப் போகும், உடம்பில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் எகிறும். பழகிய துணை பக்கத்தில் இருந்தால் புது இடத்தின் பயம் குறைகிறது என்பதையும் அவர்கள் அளந்து காட்டினார்கள்.

கூச்சத்தை நோய் என்று நினைத்து மருந்து தேட வேண்டாம் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. கருப்பன் சண்டைக்குப் போகிற ரகம் இல்லை, ஒளிகிற ரகம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வளர்ந்தது. கையில் தூக்கிக் கொஞ்சி அதை மாற்ற முடியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியது பெட்டைகள். இடமும் நேரமும் தீனியும் கொடுப்பதுதான் நம் வேலை.

சேர்க்கிற நாளைப் பற்றிச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் சித்திரை, வைகாசி வெயிலில் இதைச் செய்யாதீர்கள். 30 டிகிரி தாண்டினாலே கினிப்பன்றி தவிக்கும், அதில் ஓட்டமும் துரத்தலும் சேர்ந்தால் சுருண்டுவிடும். நான் தை மாதத்தில், விடிகாலையில் செய்தேன். பெட்டைகளின் கூண்டுக்குள் புது ஆணைப் போடக்கூடாது. அது அவர்கள் வீடு, விரட்டத்தான் செய்வார்கள். நாலு பேருக்குமே புதிதான இடம் வேண்டும். கொட்டகைக்குள் ஒரு மூலையைக் கழுவிக் காயவைத்து, 6 அடிக்கு 6 அடி பலகையால் அடைத்தேன். மூலைகளில் செங்கல் வைத்து வளைத்துவிட்டேன், மாட்டிக்கொண்டு முழிக்கிற மூலையே இருக்கக்கூடாது. ஒளிய நாட்டு ஓடுகளைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு பக்கமும் வழியுள்ள ஓடு அது. ஒரு வாசல் மட்டும் உள்ள பெட்டி வேண்டாம். கூச்சக்காரன் அதற்குள் போய் உட்கார்ந்தால், வாசலில் ஒரு பெட்டை நின்றாலே அவனுக்குச் சிறை. தண்ணீர் இரண்டு இடத்தில். நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் குவியல்.

சாக்சர் குழு சொன்ன பழகிய துணை விஷயத்தை வைத்து, மூன்றையும் ஒரே நேரத்தில் விடாமல், சாதுவான செவலையை மட்டும் முதலில் கருப்பனோடு விட்டேன். முதல் ஒரு மணி நேரம் கருப்பன் ஓட்டுக்கடியில் கல்லாக உட்கார்ந்திருந்தது. செவலை அதைக் கண்டுகொள்ளாமல் புல் தின்றது. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்லது கிடையாது. பிறகு வந்து மூக்கை மோந்து, பின்புறத்தை மோந்து போனது. மத்தியானத்துக்குள் இரண்டும் ஒரே குவியலின் இரண்டு பக்கம் தின்றன. நாலு நாள் அந்த இரண்டையும் சேர்த்தே வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் அதே மூலையைக் கழுவி நாலையும் விட்டேன்.

இப்போது சத்தம், சேட்டை எல்லாம் வரும். ஆண் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வரும். அது காதல் நடை. காயடித்த பிறகும் இது நிற்காது, மேலே ஏறவும் பார்க்கும். அறுவை சரியாக நடக்கவில்லையோ என்று பயந்து மருத்துவரிடம் ஓட வேண்டாம். பிடிக்காத பெட்டை திரும்பி நின்று மூத்திரத்தைப் பீச்சும். மூக்கை உயர்த்தி, வாயை அகலத் திறந்து காட்டும். துரத்தும், முடியைக் கடித்து இழுக்கும். இதெல்லாம் அவர்களுடைய பஞ்சாயத்து, நாம் நடுவில் போகக்கூடாது. பல்லை நறநறவென்று கடித்து, முடி சிலிர்த்து, இரண்டும் எதிரெதிரே நின்றால் பக்கத்தில் போய் உட்காருங்கள். பந்தாக உருண்டு கடித்துக்கொண்டாலோ ரத்தம் வந்தாலோ பிரித்துவிடுங்கள். வெறுங்கையை விடாதீர்கள், பல் ஆழமாக இறங்கும். நான் முறத்தை நடுவில் செருகுவேன்.

நம் ஆட்கள் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஆனதும் பாவம் என்று ஆணைத் தனியே எடுத்து வைத்து, மறுநாள் திரும்ப விடுவார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகத்தான் இருக்கும். ரத்தம் இல்லை, எல்லோரும் தின்கிறார்கள் என்றால் ராத்திரியும் சேர்ந்தே இருக்கட்டும். மறுநாள் பழைய கூண்டை வாசனை போகக் கழுவி, சாமான்களை இடம் மாற்றி வைத்து, நாலையும் ஒன்றாக விடலாம்.

ஒதுங்கி இருக்கிற பிராணி தின்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் சமையல் தராசில் கருப்பனை நிறுத்து நோட்டில் எழுதினேன். முதல் வாரம் 20 கிராம் இறங்கி, அடுத்த வாரம் திரும்ப ஏறியது. ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினாலோ, ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பயத்தில் இருக்கிற பிராணிக்குச் சத்தும் குறையும். நம்மைப் போலவே இதன் உடம்பிலும் வைட்டமின் சி உற்பத்தியாகாது, தீனியில்தான் வர வேண்டும். பெருநெல்லிக்காயில் ஒரு கீற்று அல்லது கொய்யா ஒரு துண்டு, கொத்தமல்லித் தழை தினமும் கொடுக்கிறேன். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி ஆகாது.

காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கம் என்பதால் முயல் வளர்க்கிறவர்கள் இங்கே அதிகம். துணைக்கு முயலையே கூட விடலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். முயலின் ஓர் உதை கினிப்பன்றியின் முதுகை ஒடிக்கும், முயலுக்கு ஒன்றும் செய்யாத மூச்சுநோய்க் கிருமி இதைக் கொல்லும். ஒரு கூட்டத்துக்குக் காயடித்த ஆண் ஒன்று போதும், இரண்டாவது ஆண் வந்தால் பெட்டைகள் முன்னால் அடித்துக்கொள்ளும்.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. கருப்பன் இன்னும் தைரியசாலி ஆகிவிடவில்லை. ஆள் நடமாட்டம் கேட்டால் ஓட்டுக்கடியில் ஓடும், ஆனால் செவலையும் கூடவே ஓடும். கொய்யாவைப் போட்டால் மூத்த பெட்டை முதலில் வந்து அதைத் தள்ளிவிட்டுத் தின்கிறது. கருப்பன் ஓரமாக நின்று, அது நகர்ந்ததும் பட்டப்பகலில் மிச்சத்தைத் தின்கிறது.