வடிவம் மாறும் இசை

நுழையும்முன்

ஒரு பாடலைக் கைப்பேசியில் கேட்கிறோம், நண்பருக்கு அனுப்புகிறோம், இடம் போதவில்லையெனில் சிறிய கோப்பாக மாற்றிக்கொள்கிறோம். இம்மாற்றத்தில் பாடலுக்கு என்ன நேர்கிறது? எது எஞ்சுகிறது? எது மறைகிறது? ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் கொண்ட கவனம் ஒலியைப் படியெடுப்பவருக்கும் தேவை என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

மலையடிவாரத்தில் பிறந்த பாடல்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலை எதிரே தெரிய, பழைய நுழைவாயில் வளைவு ஒன்று நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புக் கூடத்தின் எச்சம் அது. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகியவை இந்நிறுவனத்தின் படைப்புகள். ‘மந்திரி குமாரி’ படத்தில் ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் இணைந்து பாடிய பாடலை இன்றும் மக்கள் விரும்பிக் கேட்கின்றனர்.

அக்காலத் திரைப்பாடல் நம் செவியை அடைய எத்தனை வடிவங்களைக் கடந்துள்ளது! திரையரங்கில் அது படச்சுருளின் ஓரத்தில் ஒளிவடிவாக இருந்தது. பாடகரின் குரல் ஒலிவாங்கியில் மின்னலையாகி, அம்மின்னலை ஒளியின் ஏற்றத்தாழ்வாகி, சுருளின் ஓரத்தில் பதிந்தது. படம் ஓடும்போது அத்தடத்தின் வழியே ஊடுருவிய விளக்கொளி மீண்டும் மின்னலையாகி, ஒலிபெருக்கியில் குரலாயிற்று. வீடுகளில் அதே பாடல் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டில் நுண்ணிய பள்ளமாக இருந்தது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும். பின்னர் நெடுநேர இசைத்தட்டு, 1963இல் அறிமுகமான ஒலிநாடாப் பேழை, 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு என ஊடகங்கள் மாறின. குறுந்தட்டில்தான் பாடல் முதன்முறையாக எண்வடிவில் பொதுமக்களின் கைகளை அடைந்தது.

ஒலி எண்ணாகும் முறை

ஒலி என்பது இடையறாத அலை. கணினி அறிந்ததோ எண்கள் மட்டுமே. எனவே அலையின் உயரத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எண்களாகப் பதிகின்றனர். இவ்வளவீடு ஒவ்வொன்றும் ‘மாதிரி’ எனப்படும். குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். ஓர் அலையைச் சரியாக மீட்டுருவாக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் தேவை. அதனால்தான் இவ்வளவு பெரிய எண்.

ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் அளவுடையது. இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. ஆக, நொடிக்கு 14,11,200 பிட்டுகள். மூன்று நிமிடப் பாடலொன்று ஏறத்தாழ 32 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். ‘வேவ்’ கோப்புகள் பெரும்பாலும் இவ்வாறு சுருக்கப்படாத ஒலியைத் தாங்குபவை. இணைய வேகமும் சேமிப்பிடமும் குறைவாக இருந்த காலத்தில் இவ்வளவு பெரிய கோப்பைக் கையாளுதல் அரிதாக இருந்தது. சுருக்கும் வழிகளை அறிவியலாளர்கள் தேடினர்.

சுருக்கத்தின் இருவழிகள்

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தால் இடம் குறையும். விரித்தால் ஓர் இழைகூடக் குறையாமல் சேலை திரும்பக் கிடைக்கும். இதுபோன்றது இழப்பற்ற சுருக்கம். 2001இல் வெளிவந்த ‘ஃபிளாக்’ வடிவம் இவ்வகையினது. கோப்பின் அளவு பெரும்பாலும் பாதியை ஒட்டிக் குறையும். விரிக்கும்போது மூல எண்கள் அனைத்தும் மாறாமல் மீளும்.

மற்றொன்று இழப்புள்ள சுருக்கம். செய்யுளுக்கு எழுதிய கருத்துச் சுருக்கத்திலிருந்து அச்செய்யுளின் சொற்களை மீட்டெடுக்க இயலுமா? இதுவும் அத்தகையதே. 1990களின் முற்பகுதியில் தரப்படுத்தப்பட்ட ‘எம்.பி.3’ இவ்வழியைப் பின்பற்றுகிறது. அதன் உருவாக்கத்தில் செருமனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தவில் முழங்கும்போது அருகில் எழும் மெல்லொலி நம் செவிக்கு எட்டுவதில்லை. இவ்வாறு வல்லொலியால் மறைக்கப்படும் ஒலிக்கூறுகளைக் கண்டறிந்து, அவற்றைக் குறைந்த துல்லியத்துடன் பதிகிறது, அல்லது நீக்கிவிடுகிறது இம்முறை. நொடிக்கு 1,28,000 பிட்டுகள் என்ற அளவில் சுருக்கினால், 32 மெகாபைட் கோப்பு மூன்று மெகாபைட்டுக்கும் குறைவாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்
எம்.பி.3 சுருக்கத்தின் தரத்தைச் சோதிக்க, சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி இசைக்கருவிகளின் துணையின்றிப் பாடிய பாடலொன்றை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினர். பக்க இசையற்ற தனிக்குரலில் சிறு பிழையும் வெளிப்படையாகத் தெரியும் என்பதே காரணம்.

மீளாத இழப்பு

எம்.பி.3 கோப்பை வேவ் கோப்பாக மாற்றினால் அளவு பெருகும்; தரம் பெருகாது. ஏற்காட்டுத் தோட்டத்தில் விளைந்த காப்பிக்கொட்டையை வறுத்துப் பொடியாக்கியபின், அப்பொடியைப் பெரிய சாக்கில் கொட்டினாலும் அது கொட்டையாகாது. இழப்புள்ள ஒரு வடிவத்திலிருந்து அவ்வகையைச் சேர்ந்த மற்றொன்றுக்கு மாற்றும்போது, முன்னைய இழப்போடு புதிய இழப்பும் சேரும். எனவே வடிவமாற்றத்தின் முதல் நெறி, மூலக்கோப்பை அழியாது காத்தலாகும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் வேண்டிய சிறுகோப்புகளை மூலத்திலிருந்தே உருவாக்க வேண்டும். மூலத்தின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தலும், பாடியவர், பதிந்த நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்தலும் அடுத்த நெறிகள்.

மலையில் காத்திருக்கும் குரல்கள்

திரைப்பாடலுக்குப் படிகள் பல உண்டு. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று கிடைக்கலாம். வாய்மொழிப் பாடலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். முதியவர் ஒருவர் நினைவில் வைத்துள்ள பாடலை ஒருவர் ஒருமுறைதான் பதிந்தார் எனக் கொள்வோம். அதைச் சுருக்கியபின் மூலத்தை நீக்கிவிட்டால், தேய்ந்த குரலின் நுட்பமும் மூச்சின் இடைவெளியும் என்றென்றைக்குமாக மறையக்கூடும். பின்னாளில் அம்மக்களின் பேச்சொலியை ஆராய விழைபவருக்கு அவையே சான்றுகள்.

காத்தலின் பயனை வரலாறு காட்டுகிறது. கிரியர்சன் தலைமையில் நடைபெற்ற இந்திய மொழிகளின் அளவாய்வையொட்டி, 1913 முதல் 1929 வரை, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் பேச்சு இசைத்தட்டுகளில் பதியப்பட்டது. அத்தட்டுகள் இன்று எண்வடிவம் பெற்றுள்ளன. நூறாண்டுகளுக்கு முற்பட்ட மனிதர்களின் குரலை நம்மால் கேட்க முடிகிறது. தட்டைக் காத்தவர்கள் இருந்ததால்தான் கோப்பு உருவாயிற்று.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ஒலிநாடா ஒன்று இருக்கலாம். அதன் காந்தப்பூச்சு நாளடைவில் சிதையும். அதை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. காலம் தாழ்த்தாது அதை இழப்பற்ற வடிவில் பதிந்து வையுங்கள். பிறர் குரலைப் பதியும்போதும் பகிரும்போதும் அவர் இசைவைப் பெறுங்கள். ஏட்டைப் படியெடுத்தவர் தம் காலத்திற்காக மட்டும் எழுதவில்லை. அவர் உழைப்பால் நாம் படிக்கிறோம். நாம் காக்கும் ஒலியை நமக்குப் பின்வருவோர் கேட்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் முதியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் பாடும் நாட்டுப்புறப் பாடலைப் பதிவுசெய்து, உரிய குறிப்புகளுடன் வகுப்பில் வழங்குக.
2. ஒரே பாடலின் சுருக்கப்படாத கோப்பையும் எம்.பி.3 கோப்பையும் கேட்டு, நீங்கள் உணர்ந்த வேறுபாடுகளை எழுதுக.

வினாக்கள்

1. ‘மாதிரி’ என்பது யாது?
2. இழப்பற்ற சுருக்கத்தையும் இழப்புள்ள சுருக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டுக.
3. ‘அளவு பெருகும், தரம் பெருகாது’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
4. வாய்மொழிப் பாடல்களைப் பதிந்து காப்பவர் பின்பற்றவேண்டிய நெறிகளைத் தொகுத்து எழுதுக.